முடிக்கு ஒரு சொல்

தண்ணீர் சொல்லிக்கொண்டா வருகிறது? ஆவணி முழுக்க வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மூணாறு தலைப்பு மதகில் திறந்தாயிற்று, இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று டீக்கடையில் ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தார்கள். இனிமேல் எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, புரட்டாசியும் பாதி கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சருகும் நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே கீழநத்தத்தில் கடைசி வீடு கண்ணாத்தாளுடையது. கொல்லை வேலியைத் தாண்டினால் அவர்கள் வயல். எட்டு மா, ஏக்கர் கணக்கில் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு காலத்தில் மிராசு நிலமாக இருந்தது. கண்ணாத்தாளின் மாமனார் அதில் கூலிக்கு நட்டவர். இப்போது பட்டா அவள் பெயரிலும் அவள் புருஷன் ரெத்தினம் பெயரிலும் இருக்கிறது. தண்ணீரைப் பார்த்ததும் ரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி வாய்க்காலில் குதித்தான். கண்ணாத்தாளுக்குத்தான் சந்தோஷத்தோடு சந்தோஷமாகக் கவலையும் சேர்ந்து வந்தது.

வராதா பின்னே? அவளுடைய வலது கையில் மாவுக்கட்டு. பத்து நாளைக்கு முன்னால் மோட்டார் கொட்டகைப் பாசியில் சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போயிருந்தது. நாற்றங்காலில் இருக்கிற நாற்றுக்கோ வயது நாற்பத்தைந்து நாள். முப்பதிலேயே பறித்திருக்க வேண்டியது. இன்னும் ஒரு வாரம் விட்டால் மாட்டுக்குத்தான் ஆகும். மிஷினை விட்டு நடலாமென்றால் அதற்குப் பாய் மாதிரிப் பரப்பி வளர்த்த இளநாற்று வேண்டும், இந்த முற்றின நாற்றைத் தொடவே தொடாது. இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மகள் மதிவதனிக்குப் பரீட்சை. அதற்கு என்ன செய்வது?

மதிவதனி நர்ஸ். தஞ்சாவூரில் ஐந்து வருஷம் வார்டு பார்த்தவள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருகிறேன் என்று கடிதம் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. நர்சுகளுக்கென்று வைக்கிற இங்கிலீஷ் பரீட்சையில் பேச்சுப் பகுதியைத் தாண்டியாக வேண்டும். அவள் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அந்தப் பேச்சில்தான் விழுந்தாள். இது மூன்றாவது. ஐப்பசிக்குள் பாஸ் ஆகவில்லையென்றால் கடிதம் செல்லாது, இடம் வேறு யாருக்கோ போய்விடும். திருச்சி சென்டரில் தேதி கிடைக்கவில்லை. வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசலாம் என்று ஒரு வழி இருந்தது, அதில்தான் இந்த வெள்ளிக்கிழமை கிடைத்தது.

மகளைவிட கண்ணாத்தாளுக்குத்தான் இதில் ஆசை அதிகம். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, வெறி. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தன் வயிற்றில் பிறந்தவள் இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்துமாக நடக்கப்போகிறாள் என்று முதல் தடவையே ஊர் பூராவும் சொல்லிவிட்டு, பிறகு தண்ணீர்க் குழாயடிக்குப் போகவே கூசியவள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடவு ஆட்களைக் கூட்டிவருகிற தங்கமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தங்கமணி வரும்போதே தெருமுனையிலிருந்து பேசிக்கொண்டு வருகிற ஆள்.

“அக்கா, பொதன், வியாழன், வெள்ளி. மூணே நாளு. சனிக்கெழம பூவனூர்ல நடவுக்கு வர்றேன்னு சத்தியம் பண்ணிட்டேன். ஆனா ஒன்னு, இருவத்தோரு பேருதான் இருக்கோம். வரிசையில ஒன் பத்தி காலியா நிக்கிது. வரிசை ஒடிஞ்சா வேலையும் ஒடிஞ்சிரும்.”

“நான் எறங்குறேன் சின்னம்மா,” என்றாள் மதிவதனி.

கண்ணாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீ வாய மூடு. ரெண்டு வாட்டி கோட்டை விட்டது பத்தாதா? போய்ப் புஸ்தகத்த எடு.”

“என்னா பெரிய புஸ்தகம்? இலக்கணமெல்லாம் எனக்குத் தெரியும்மா. அவங்க பேசுற ஊர்ப்பேச்சுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. நம்ம ஆளு ஆஸ்பத்திரிக்கு வந்து ‘நெஞ்ச அடைக்குது, கிறுகிறுங்குது, மேலுக்கு முடியல’ன்னு சொல்லுறாங்கள்ல, அது மாதிரி அவங்களுக்கும் ஆயிரம் இருக்கு. போன வாட்டி பரீட்சையில நோயாளி மாதிரி பேசுன அந்தம்மா ஒன்னு சொன்னாங்க. அது என்னான்னே தெரியாம முழிச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்துட்டேன்.”

“அப்ப மனப்பாடம் பண்ணு.”

“பண்ணுறேன். தனியா உக்காந்து பண்ணா தூக்கம் வருது.”

தங்கமணி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். “ஏண்டி மதி, நீ வாயாலதான படிக்கப்போற, கையாலயா? கை பாட்டுக்கு நடட்டும், வாய் பாட்டுக்குப் படிக்கட்டும். நாங்க பாட்டுப் பாடிக்கிட்டு நடுறதில்லையா? நீ இங்கிலீசச் சொல்லு, நாங்க பின்னாடி சொல்லுறோம்.”

ரெத்தினம் சிரித்தான். கண்ணாத்தாள் அவனை ஒரு முறை முறைத்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் தெரியவில்லை.

புதன்கிழமை விடிந்து ஏழு மணிக்கெல்லாம் இருபத்திரண்டு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். இரவு ஒரு தூறல் போட்டு வெறித்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டர் விட்டுப் பரம்படித்துச் சமப்படுத்தின சேற்றில் வானம் தெரிந்தது. ரெத்தினம் கட்டுக்கட்டாக முடிந்து வைத்த நாற்றுமுடிகளைக் கை வீச்சில் ஆளுக்கு இரண்டாக வயலில் வீசிப் போட்டுக்கொண்டே போனான். மதிவதனி நைட்டிக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவின் பத்தியில் நின்றாள். கண்ணாத்தாள் வரப்பில், தூளியில் தொங்குகிற கையோடு. நடவு வயலில் வெறும் கையோடு நின்றது அவள் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை.

முறை என்னவென்றால், ஒரு முடி நாற்றுக்கு ஒரு சொல். முடியைப் பிரிக்கும்போது மதிவதனி சொல்ல வேண்டும், அதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று விளக்க வேண்டும். அந்த அர்த்தத்துக்கு நம் ஊரில் என்ன சொல்வோம் என்று வரிசை கூடி முடிவு கட்டும். பிறகு அந்த முடி தீர்கிற மட்டும் அவள் இங்கிலீஷில் ராகம் போட்டு எடுக்க, வரிசை தமிழில் திருப்பிச் சொல்லும்.

“அண்டர் த வெதர்,” என்று ஆரம்பித்தாள். “ஒடம்பு கொஞ்சம் சொகமில்லாம இருந்தா அப்படிச் சொல்லுவாங்க.”

“மேலுக்கு முடியல!” என்றது வரிசை.

“ஃபீலிங் புளூ. மனசு சோர்ந்து கெடக்குறது.”

“மனசு என்னமோ மாதிரி இருக்கு!”

“பின்ஸ் அண்ட் நீடில்ஸ். காலு ரொம்ப நேரம் மடக்கி வச்சிருந்தா குத்துமே, அது.”

“எங்களுக்கு இப்பவே அப்படித்தான்டி இருக்கு!” என்று ஒருத்தி கத்த, வரிசையே குலுங்கியது. பிறகு ‘கால் மரத்துப்போச்சு’ என்று முடிவானது.

பத்து மணிக்குள் ஜுரம் மாதிரி எல்லோரையும் பிடித்துக்கொண்டுவிட்டது. குனிந்த முதுகு நிமிராமல் இன்னொன்று சொல்லு, இன்னொன்று சொல்லு என்று பிடுங்கினார்கள். தொண்டை கட்டிப்போனால் தொண்டைக்குள் தவளை இருக்கிறது என்பார்களாம். அதைக் கேட்டதும் ஒருத்தி காலடியில் ஓடிய தவளையைப் பிடித்துத் தங்கமணி மேல் எறிந்தாள். செத்துப்போனதை வாளியை உதைத்துவிட்டான் என்பார்கள் என்றதும், தங்கமணி கை நாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

“அடியாத்தே! நம்ம ‘மண்டையப் போட்டுட்டான்’னு சொல்லுறது மாதிரி! அங்கயும் நம்மள மாதிரி வாயாடி எவளோ ஒருத்தி இருந்திருக்காடி!”

“ஆஸ்பத்திரியில அத எவங்கிட்டயும் சொல்லிப்புடாத பாப்பா,” என்று வரப்பிலிருந்து ரெத்தினம் பயந்தான்.

“ஸ்பெண்ட் எ பென்னி,” என்றாள் மதிவதனி. “ஒரு காசு செலவு பண்ணிட்டு வர்றேன்னு வயசானவங்க கேப்பாங்க. பாத்ரூம் போகணும்னு அர்த்தம். முன்னாடி காலத்துல காசு போட்டாத்தான் கதவு தொறக்குமாம்.”

“இது ஒரு அதிசயமா? பஸ் ஸ்டாண்டுல நம்மகிட்டயும்தான் வாங்குறான்!”

டீத்தூக்கும் மெதுவடையும் வந்தது. சேற்றுக் கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர்கள் வடையைக் கடிக்கும்போதும் விடவில்லை. பரீட்சைக்குப் போகிறவளுக்கு வயிற்றில் எப்படி இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கிறது என்பார்கள் என்று மதிவதனி சொன்னாள். பட்டாம்பூச்சி பறந்தால் நன்றாகத்தானே இருக்கும், இங்கே புளியையல்லவா கரைக்கிறது என்று தர்க்கம் நடந்தது.

கண்ணாத்தாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. இருபது வருஷமாக அந்த வரிசையில் பின்பாட்டை முதலில் எடுக்கிற தொண்டை அவளுடையது. எடுத்த பாட்டுக்குப் பதில் அவளிடமிருந்துதான் கிளம்பும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். கை கட்டுப்போட்டிருந்தால் என்ன, தொண்டைக்குமா கட்டு? வரப்பில் நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் பதிலை அவள்தான் முதலில் வீசினாள். வியாழக்கிழமை மதியத்துக்குள் எழுபத்தெட்டுச் சொல் ஆகியிருந்தது. இங்கிலீஷில் பாதி பிடிபடாவிட்டாலும், மகள் வாய் திறந்து இரண்டு எழுத்து வந்ததுமே அவளுக்குத் தமிழ் தன்னால் வந்து விழுந்தது.

“விட்ஸ் எண்ட்,” என்றாள் மகள், வியாழக்கிழமை கடைசி முடியைப் பிரித்தபடி. “ஐ ஆம் அட் மை விட்ஸ் எண்ட். என்னா பண்ணுறதுன்னே தெரியாம நிக்கிறது. இதுக்கு மேல யோசிக்க மூள இல்லங்கிற மாதிரி.”

“கையும் ஓடல, காலும் ஓடல!” என்றாள் கண்ணாத்தாள் உடனே.

“கையும் ஓடல! காலும் ஓடல!” என்றது வரிசை. சொல்லுக்குச் சொல் நாற்றுக்கு நாற்றாக விழுந்து, அந்த முடி மட்டும் மற்றதைவிடச் சீக்கிரமாகத் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை நட வேண்டியது கொல்லை வயல். வீட்டு ஜன்னலிலிருந்து பத்தடி. அதுதான் வம்பு. பரீட்சை விதியை மதிவதனி வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. லேப்டாப்பைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். மேற்பார்வை ஆள் ஒருத்தர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொரு குரல் கேட்டால், யாரோ எடுத்துக்கொடுக்கிறார்கள் என்று பரீட்சையையே ரத்து செய்தாலும் செய்யலாம்.

“எவ்ளோ நேரம்?” என்றாள் கண்ணாத்தாள்.

“இருபது நிமிஷம்.”

“சன்னலச் சாத்திப்புடு.”

“ஃபேன் போட்டா கடகடன்னு கத்துதும்மா, அதனால ஃபேனும் கெடையாது. சன்னலையும் சாத்துனா வெந்துபோயிடுவேன்.”

“சரி, விடு. ஒரு ஈ எறும்பு பேசாது. நான் பாத்துக்குறேன்.”

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். ஒரு கலெக்டர் வந்தால்கூட அந்தத் தெருவில் அவ்வளவு ஏற்பாடு நடந்திருக்காது. காலையிலேயே ஆட்டை அவிழ்த்துக்கொண்டுபோய் மூன்று வயல் தள்ளிக் கட்டினாள். மோட்டாரை நிறுத்தியாயிற்று. நடுத்தெருவில் ஒரு காதுகுத்து வீடு. அங்கே கட்டியிருந்த ஸ்பீக்கரை அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி ரெத்தினம் போய்க் கெஞ்சினான். என்ன விஷயம் என்று தெரிந்ததும் அவர்கள் ஒயரையே பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். கேபிள்கார நௌஷாத், தான் இழுத்துக் கொடுத்த லைன் பரீட்சை நேரத்தில் சொதப்பிவிடக் கூடாதே என்று பைக்கைக் கம்பத்தடியில் போட்டுக்கொண்டு ஏணியோடு காவல் இருந்தான். மீன்காரர் ஹாரன் அடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போகிறபோது இரண்டு கிலோ புதுத்தண்ணீர்க் கெண்டையையும் சத்தமில்லாமல் சைகையிலேயே விற்றுவிட்டுப் போனார்.

வயலுக்கு வந்து கண்ணாத்தாள் இடது கையால் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள்.

“இஞ்ச பாருங்கடி. பதினோரு மணியிலேருந்து நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தி வாயத் தொறக்கக் கூடாது. இருமல் வந்தா முழுங்கு. பாம்பு வந்தாலும் பேசாம கடி வாங்கிக்க.”

“அக்கா, நாங்க இருந்துடுவோம். நீ இருந்துடுவியா?” என்றாள் தங்கமணி.

“என்னையச் சொல்ல வந்துட்டா பெருசா!”

பதினோரு மணி. இருபத்தோரு பெண்கள் குனிந்து நடுகிறார்கள், பேச்சே இல்லை. கீழநத்தம் உண்டான நாளிலிருந்து இப்படி ஒரு நடவு நடந்திருக்காது. சேற்றில் விரல் இறங்குகிற ‘சளக் சளக்’ மட்டும்தான். ஜன்னலுக்கு உள்ளே வெள்ளைச் சுடிதாரும், காதில் ஹெட்போனுமாக மதிவதனி. எதிராளி பேசுவது வெளியில் கேட்காது, இவள் பேசுவது மட்டும் கேட்டது. முதலில் பேர், ஊர் எல்லாம் கேட்டார்கள் போலிருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டினாள்.

முதல் நோயாளிக்குக் கால் மரத்துப்போகிறதாம். அது எப்படித் தெரிந்ததென்றால், “பின்ஸ் அண்ட் நீடில்ஸ்” என்று மதிவதனி வாயில் வந்தது. வரிசையில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. எல்லோருக்கும் தெரிந்த சொல்! நாக்கு நுனியில் பதில்! ஒருத்தி உதட்டைக் கடித்தாள். தங்கமணி நாற்றையே பல்லுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள். கண்ணாத்தாள் குச்சியை ஓங்கினாள். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து “ஸ்பெண்ட் எ பென்னி” வந்தபோது இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் சேற்றுத் தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்கள். தப்பித்தது.

இரண்டாவது ஆள் வந்ததும் மதிவதனியின் குரல் மாறியது. யாரோ அழுகிறார்கள் என்று கண்ணாத்தாளுக்கு அந்தக் குரலிலிருந்தே தெரிந்துவிட்டது. மகள் தடுமாறினாள். ஏதோ சொன்னாள், நிறுத்தினாள், மறுபடி அதையே சொன்னாள். போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும், முழித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றாளே, அதுதான் இது என்று கண்ணாத்தாளுக்குப் பட்டது. மாவுக்கட்டுக்குள் அரித்தது. போய்விட்டதா, எல்லாம் போய்விட்டதா? அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மதிவதனி, எதிராளி சொன்னதை அப்படியே வாங்கி, இழுத்து, “யு ஆர் அட் யுவர் விட்ஸ் எண்ட்...” என்றாள்.

“கையும் ஓடல, காலும் ஓடலடி ஆத்தா!”

கத்தியது வேறு யாருமில்லை, குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்ணாத்தாள்தான்.

முதல் தொண்டை எடுத்துக்கொடுத்துவிட்டது. பின்னால் இருக்கிற தொண்டைகள் சும்மா இருக்குமா? இருபது வருஷத்துப் பழக்கம். “கையும் ஓடல! காலும் ஓடல!” என்று இருபத்தோரு பேரும் ஒரே குரலில், ராகம் பிசகாமல், தெருவே அதிரும்படி சொல்லி முடித்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னோம் என்பதே தெரிந்தது. கொக்குகள் எழுந்து பறந்தன. கண்ணாத்தாள் வாயை இடது கையால் பொத்திக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்குள் லேப்டாப் எழுந்தது. அது ஜன்னல் பக்கமாகத் திரும்பி, வயலைப் பார்த்து நின்றது. சேறு அப்பின முகத்தோடு இருபத்தோரு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி என்ன நினைத்தாளோ, கையெடுத்துக் கும்பிட்டாள். மதிவதனி ஏதேதோ சொல்வது கேட்டது. ‘மதர்’ என்பது மட்டும் கண்ணாத்தாளுக்குப் புரிந்தது. லேப்டாப் மறுபடி உள்ளே போனது. மறுபடி பேச்சுக் கேட்டது. இந்தத் தடவை மகளின் குரல் நிதானமாக, ராத்திரி டூட்டி முடிந்து வந்து அம்மாவிடம் பேசுகிற குரலாக இருந்தது. ஆனால் கண்ணாத்தாள் எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

மதியம் கெண்டைக் குழம்பு. மாங்காய் போட்டு, தங்கமணியே வந்து வைத்த குழம்பு. நடவு முடிந்த வீட்டில் வரிசை முழுக்க இலை போட்டு உட்கார்ந்தும் யாருக்கும் இறங்கவில்லை.

“என்னா சொன்னாங்க?” என்றான் ரெத்தினம்.

“சத்தம் என்னான்னு மேல்பார்வையாளரு கேட்டாரு. காட்டுனேன். எங்கம்மா, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, என்னோட சேந்து நாலு சொல்லு படிச்சாங்கன்னு சொன்னேன். என்னா சொல்லிக் கத்துனாங்கன்னு கேட்டாரு. சொன்னேன். எழுதிக்கிட்டாரு. செல்லுமா செல்லாதான்னு மேலிடத்துல முடிவு பண்ணுவாங்க, நீ மேல பேசுன்னாரு.”

“நீ பேசுனியா?”

“பேசுனேன். அந்தம்மாவுக்கு மூணு வயசுப் புள்ள. காச்சல் எறங்கவே இல்ல. ஆறுதல் சொல்லி வெவரம் கேக்கணும். மொதல்ல மருந்து, டெஸ்ட்டுன்னு அடுக்கிக்கிட்டே போனேன், அந்தம்மா அழுகைய நிறுத்தல. நீங்க கத்துனதுக்கு அப்புறம், ‘வெளியில கேட்டுதில்ல, அது எங்கம்மா. என்னைய நெனச்சு அவங்களும் ஒங்கள மாதிரிதான் நிக்கிறாங்க. நீங்க உக்காந்து மெதுவாச் சொல்லுங்க, நான் கேக்குறேன்’னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் எனக்கு வாயே வந்துச்சு.”

“என்னையத் தேத்துறதுக்குச் சொல்லுற,” என்றாள் கண்ணாத்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “ஊரையே வாய மூட வச்சுட்டு நானே கெடுத்துட்டேனே! என் வாயில மண்ணப் போட!”

“அக்கா, எங்க வாயிலயும் சேத்துப் போடு,” என்றாள் தங்கமணி.

பதினாறு நாள் ஓடியது. எப்படி ஓடியது என்று கண்ணாத்தாளைக் கேட்டால்தான் தெரியும். நட்ட நாற்று வாடி, பிறகு பச்சை பிடித்தது. கொல்லை வயலுக்கு மட்டும் அவள் போகவில்லை. கையில் கட்டைப் பிரித்தார்கள். அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மகள் போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், இல்லை என்று தலையாட்டினால் திரும்பிப் போவாள். ராத்திரியில் முருகனையும் கூப்பிட்டாள், ஒரு அவசரத்துக்கு வேளாங்கண்ணி மாதாவையும் கூப்பிட்டாள்.

ஐப்பசி முதல் வாரம், விடிந்ததிலிருந்து மழை. சற்று விட்டபோது ரெத்தினம் வடிகாலைத் திறக்கக் கொல்லை வயலுக்குப் போனான். ஆள் ஒத்தாசை வேண்டும் என்று கண்ணாத்தாளையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போயிருந்தான். பதினாறு நாளுக்குப் பிறகு அந்த வரப்பில் அவள் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு அலறல்.

“அம்மா!”

கண்ணாத்தாளுக்கு உயிரே போய்விட்டது. மதிவதனி செருப்பில்லாமல் வரப்பு மேல் ஓடி வந்தாள், வழுக்கினாள், எழுந்தாள், முழங்கால் வரைக்கும் சேறு.

“செல்லும்னு சொல்லிட்டாங்கம்மா! வெளியில கேட்ட சத்தம் ஒதவி இல்லைன்னு எழுதியிருக்காங்க. பாஸும்மா! பேச்சுலதான் மத்த எல்லாத்தையும்விட அதிகம் போட்டிருக்காங்க!”

ரெத்தினம் வாய்விட்டு ஒரு சத்தம் போட்டான், அது அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு, மொபெட்டை உதைத்துக்கொண்டு தங்கமணி வீட்டுக்குப் பறந்தான். கொஞ்ச நேரத்தில் தெருப்பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. தங்கமணி ஆரம்பித்துவிட்டாள், இனி சாயங்காலம் வரைக்கும் ஓயாது.

மதிவதனி அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கண்ணாத்தாளும் குதித்தாள், ஐம்பது வயதில், வழுக்குகிற வரப்பில், இப்போதுதான் கட்டுப் பிரித்த கையோடு. பிறகு மூச்சு வாங்கி இரண்டு பேரும் ஈரத்திலேயே உட்கார்ந்தார்கள். கண்ணாத்தாள் முந்தானையால் மகளின் முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படிடி இருக்கு?”

“எந்தப் புள்ளம்மா?”

“அன்னைக்கி அழுதாளே ஒரு பொம்பள. அவ புள்ள. மூணு வயசுன்னியே.”

“அய்யோ அம்மா! அது நடிப்பும்மா. பரீச்சைக்காக அப்படிப் பேசுவாங்க. அந்தம்மாவுக்குப் புள்ள இருக்கோ இல்லையோ, யாருக்குத் தெரியும்?”

“நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கி நீயும்தான் அங்க போய் உக்காந்துக்கிட்டு, நல்லாயிருக்கேம்மா நல்லாயிருக்கேம்மான்னு போன்ல நடிக்கப்போற. அதுக்காக நான் கேக்காம இருந்துடுவேனா?”

மதிவதனி குதித்த குதியெல்லாம் அடங்கிப்போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“காச்சல் விட்டுடுச்சாம்மா.”

“எப்ப?”

“நேத்து. எந்திரிச்சு வெளையாடுதாம்.”

“அப்பாடா,” என்றாள் கண்ணாத்தாள்.